சம்பளம் வாங்கினால் அது தொண்டு இல்லையா?

2025 மே மாதம் என் மகள் பட்டம் வாங்கினாள். படித்தது பொதுச் சுகாதாரம். ஜூன் மாதம் அவள் கையில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட், ஆண்டுக்கு 84,000 டாலர். இன்னொன்று, குடும்ப வன்முறையில் சிக்கிய தெற்காசியப் பெண்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கேஸ் மேனேஜர், 52,000 டாலர். அவள் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: "தொண்டெல்லாம் சனி ஞாயிறுல பண்ணலாமே கண்ணு. வேலைன்னா வேலை பார்க்கணும்."

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அம்மா அடி வாங்கிட்டு போன் பண்றாங்கப்பா. சனிக்கிழமை வரேன்னு சொல்லவா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன்.

நான் எடிசனில் 24 வருஷமாக இருக்கிறேன். ஐ.டி. வேலை. 12 வருஷம் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராக மேசை நாற்காலி தூக்கியிருக்கிறேன், இரண்டாம் நிலை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் சமூக சேவையை மதிக்கிறவன் என்றுதான் என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். அந்த இரவுதான் புரிந்தது, நான் மதித்தது இலவச சேவையை மட்டும். அதற்கு ஒருவர் சம்பளம் வாங்கினால், அதுவும் என் பெண்ணே வாங்கினால், எனக்குப் பொறுக்கவில்லை. நியூ ஜெர்ஸி, பே ஏரியா, டெக்சாஸ் என்று எங்கே கேட்டாலும் நம்ம வீடுகளில் இதே கதைதான் ஓடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் தொண்டா?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2022-ல் லாப நோக்கற்ற நிறுவனங்களில் 1.28 கோடி பேர் வேலை பார்த்தார்கள். தனியார் துறை வேலைகளில் இது 9.9 சதவீதம், அதாவது பத்தில் ஒன்று. இதில் பெரும் பங்கு மருத்துவமனைகளும் கல்வி நிறுவனங்களும்.

பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் வரிச் சட்டப்படி 501(சி)(3) அமைப்புகள்தான். நம்ம பெரிய மருத்துவமனைகள் பலவும் அப்படித்தான். அங்கே வேலை கிடைத்தால் ஊருக்கே வாட்ஸ்அப் அனுப்புகிறோம். "என் பையன் தொண்டு நிறுவனத்துல இருக்கான்" என்று யாரும் வருத்தப்படுவதில்லை. ஆக, லாப நோக்கற்றது என்ற சொல்லோடு நமக்குச் சண்டை இல்லை. சம்பளம் குறைவாக, பெயர் தெரியாததாக, கஷ்டப்படுகிறவர்களோடு நேரடியாகப் பழகுவதாக இருந்தால்தான் சண்டை.

எங்கள் வீட்டிலிருந்து பிரின்ஸ்டன் அரை மணி நேரம். அங்கே 1989-ல் வெண்டி காப் என்ற மாணவி தன் இளங்கலை ஆய்வேட்டில் முன்வைத்த யோசனைதான் 'டீச் ஃபார் அமெரிக்கா' ஆனது. நல்ல கல்லூரியில் படித்தவர்கள் இரண்டு ஆண்டு ஏழைப் பகுதிப் பள்ளிகளில் சம்பளத்தோடு பாடம் நடத்துவது அதன் ஏற்பாடு. அதே 1989-ல் அங்கே 1955-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற முன்னாள் மாணவர்கள், புதுப் பட்டதாரிகளைத் தொண்டு நிறுவனங்களில் சம்பள வேலைக்குச் சேர்த்துவிடும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். படித்து முடித்ததும் இந்தத் துறைக்குப் போவது இந்த நாட்டில் ஒரு பழகிய பாதை. நமக்குத்தான் அது புதுசு.

நம்ம மூணு ஊரும், நாலு நிறுவனங்களும்

வேறு யாரோ செய்கிற வேலையும் இல்லை இது. 1985-ல் நியூ ஜெர்ஸியில் ஆறு பெண்கள் சேர்ந்து 'மானவி'யைத் தொடங்கினார்கள். தெற்காசியப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக அமெரிக்காவில் எழுந்த முதல் அமைப்பு அது. 1991-ல் பே ஏரியாவில் 'மைத்ரி'யும் 'நாரிகா'வும் வந்தன. 1996-ல் ஹூஸ்டனில் 'தயா'. தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்த இந்த அமைப்புகள் இன்று சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற ஊழியர்களோடு நடக்கின்றன. என் மகள் வேலை பார்ப்பது எங்கே என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வேலையின் தன்மை அப்படி.

ஏன் தன்னார்வலர்கள் மட்டும் போதாது? ஒரு உதாரணம் சொல்கிறேன். ஹெச்-4 விசாவில் வந்த ஒரு பெண் கணவனிடம் அடி வாங்குகிறாள் என்று வையுங்கள். கணவன் குடியுரிமை பெற்றவரோ க்ரீன் கார்டு வைத்திருப்பவரோ என்றால், 1994-ஆம் ஆண்டின் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவள் தானே க்ரீன் கார்டுக்கு மனுப் போடலாம். கணவன் ஹெச்-1பி என்றால் அந்த வழி கிடையாது. காவல்துறைக்கு ஒத்துழைத்தால் யு விசா கேட்கலாம், ஆனால் ஆண்டுக்கு 10,000 தான், வரிசையோ பல ஆண்டு நீளம். கொடுமைக்கு ஆளான ஹெச்-4 மனைவிக்கென்று தனியாக வேலை அனுமதி உண்டு, அது பலருக்குத் தெரியாது. இதோடு நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு, குழந்தையின் பள்ளி, தங்க இடம், வங்கிக் கணக்கு எல்லாம் சேரும். இதையெல்லாம் சரியான வரிசையில் செய்ய வேண்டும். ஒரு படி தவறினால் அந்தப் பெண் நாட்டை விட்டே போக வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வருகிற என்னை மாதிரி ஆளை நம்பி இதை ஒப்படைப்பீர்களா?

இன்னொன்றும் சொல்லணும். நேர்காணலில் என் மகளிடம் கேட்ட முதல் கேள்வி, "தமிழ் பேசுவாயா?" பத்து வருஷம் அழ அழ காரில் ஏற்றித் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினோம், அவ்வளவுதான். தமிழ் தெரிந்ததற்காக அவளுக்குக் கிடைத்த முதல் சம்பளம் இதுதான். போலீஸ் போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டால் சொல் வரும், ஆனால் "மாமியார் சொல்படி நகையெல்லாம் வாங்கி வெச்சுட்டாங்க" என்று ஒரு பெண் சொன்னால் அதற்குள் இருக்கும் மிரட்டல் அவருக்குப் புரியுமா? என் மகளுடைய தமிழில் 'ழ' வராது. ஆனால் அது புரியும்.

இது நல்ல நேரமும் இல்லை

இனிமேல் எல்லாப் பிள்ளைகளும் தொண்டு நிறுவனத்துக்குப் போகட்டும் என்று நான் கொடி பிடிக்கவில்லை. 2025 இந்தத் துறைக்கு மோசமான ஆண்டு. ஜனவரி 20 அன்றே வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச்சில் யு.எஸ்.எய்டு திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். 1961-ல் தொடங்கிய அந்த அமைப்பு ஜூலை 1-ஆம் தேதியோடு தனி அமைப்பாக இல்லாமல் போனது. சர்வதேச வளர்ச்சித் துறையில் வேலை தேடிய பட்டதாரிகளுக்கு ஒரு வருஷத்தில் கதவு மூடியது.

ஏப்ரலில் அமெரிகார்ப்ஸ் மானியங்களில் ஏறத்தாழ 40 கோடி டாலர் வெட்டப்பட்டது. 32,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள், முதியவர்களின் பணி நடுவில் நின்றது. சில மாநிலங்கள் நீதிமன்றம் போய்ப் பணத்தை மீட்டன. அதே மாதம் நீதித்துறையும் 80 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியங்களை ரத்து செய்தது. அதில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளும் இருந்தன, சிலவற்றைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று மகளிடம் சொல்லத்தான் தோன்றியது. ஆனால் நேர்மையாகப் பார்த்தால், நாம் பத்திரமான வேலை என்று நம்பிய இடத்தில் என்ன நடந்தது? 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை. பே ஏரியாவில் இருக்கிற என் தம்பி வீட்டில் அந்த மாதம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வேலை போகும் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. ஐ.டி. பக்கம் அதைத் தாங்குகிற அளவுக்குச் சேமிப்பு இருக்கும், தொண்டுப் பக்கம் இருக்காது. அந்த வித்தியாசத்தைத்தான் பெற்றோர் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம்

முதலில் கல்விக் கடன். நான்கு ஆண்டு இளங்கலைக்கு, பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்திய அரசு நேரடியாகத் தரும் கடன் 27,000 டாலர் வரை. என் மகளுக்கும் அதுதான். தொண்டு நிறுவனத்தில் 10 வருஷம் இருந்தால் கடன் தள்ளுபடி என்று பலர் சொல்வார்கள். 2007-ல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அது. அரசிலோ 501(சி)(3) நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதி தள்ளுபடி. கேட்க நல்லா இருக்கு. ஆனால் 52,000 டாலர் சம்பளத்தில், 27,000 டாலர் கடனுக்கு, வருமானத்துக்கேற்ற தவணை கட்டினால் பத்து வருஷத்தில் மீதி பெரிதாக நிற்காது. கிட்டத்தட்ட முழுசையும் நாமே கட்டியிருப்போம்.

இந்தத் தள்ளுபடி உண்மையில் உதவுவது சட்டம், சமூகப்பணி மாதிரி மேற்படிப்புக்குப் பெரிய கடன் வாங்கினவர்களுக்கு. அங்கேயும் விதி மாறுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு சாதாரண முதுகலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர்தான் உச்சம். மேலும் 'சட்டவிரோத நோக்கம்' உள்ளதாக அரசு கருதும் நிறுவனங்களைத் தள்ளுபடித் திட்டத்திலிருந்து விலக்கும் விதியை 2025 அக்டோபர் இறுதியில் கல்வித்துறை வெளியிட்டது. அதுவும் 2026 ஜூலை 1 முதல் என்றார்கள். குடியேறிகளுக்கு உதவும் அமைப்புகள் இதில் மாட்டலாம் என்ற பயம் இருக்கிறது, வழக்குகளும் போட்டிருக்கிறார்கள். அதனால் தள்ளுபடியை நம்பி மட்டும் இந்தத் துறைக்குப் போகச் சொல்லாதீர்கள்.

அடுத்து காப்பீடு. 26 வயது வரை பிள்ளைகள் நம்ம மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். 22 வயதில் வேலையில் சேருகிறவளுக்கு அது நாலு வருஷம். அவளுக்கு நான் ரொக்கமாக எதுவும் தரவில்லை. வீட்டில் அறை, என் காப்பீட்டில் பெயர், என் பழைய கேம்ரி கார். இந்த மூன்றும் இருப்பதால் 52,000 டாலர் அவளுக்குப் போதுமாக இருக்கிறது. இதையெல்லாம் தர முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அதே சம்பளம் போதாது. எங்கள் வசதி அவளுடைய தொண்டுக்கு மானியம் மாதிரி. இதைச் சொல்லாமல் "மனசு இருந்தா போதும்" என்று சொல்வது பொய்.

மாணவ விசாவில் வந்தவர்களுக்கு வேறு கணக்கு. ஓ.பி.டி. 12 மாதம் உண்டு, படிப்புக்குச் சம்பந்தப்பட்ட வேலையாக இருக்கணும். ஸ்டெம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் உண்டு, ஆனால் நிறுவனம் இ-வெரிஃபையில் பதிவு செய்திருக்க வேண்டும். சின்னத் தொண்டு நிறுவனம் அதில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஹெச்-1பி குலுக்கலிலிருந்து விலக்கு பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும், ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். 501(சி)(3) என்பதாலேயே விலக்கு கிடையாது. குலுக்கலில் அதிக சம்பளப் படிநிலைக்கு அதிக வாய்ப்புத் தரும் விதியையும் அரசு 2025-ல் முன்வைத்தது. 2025 செப்டம்பர் 21 முதல் வந்த 1,00,000 டாலர் கட்டணம், இங்கேயே மாணவ விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று குடிவரவுத் துறை விளக்கியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவர எந்தச் சின்னத் தொண்டு நிறுவனமும் அந்தப் பணத்தைக் கட்டாது. ஆகவே விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதை குறுகலானது. நம்ம இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்குத்தான் அது திறந்திருக்கிறது. அவர்களைத்தான் நாம் தடுக்கிறோம்.

"என் டாலர் முழுசா ஊருக்குப் போகணும்"

இனி நம்ம பக்கத்துத் தப்பு. நன்கொடை கேட்டு யார் வந்தாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "நிர்வாகச் செலவு எவ்வளவு?" பூஜ்யம் என்றால் கை தட்டுவோம். 1991-ல் பெர்க்லியில் மாணவர்கள் தொடங்கிய 'ஆஷா ஃபார் எஜுகேஷன்' தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது, அது பெருமைக்குரியதுதான். ஆனால் அங்கிருந்து இந்தியக் கிராமத்துக்குப் போகும் டாலர் என்னவாகிறது? பல நேரம் ஒரு ஆசிரியையின் மாதச் சம்பளமாகிறது. அங்கே சம்பளம் கொடுத்தால் தொண்டு, இங்கே கொடுத்தால் வீண் செலவா?

2013-ல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற மூன்று மதிப்பீட்டு அமைப்புகள் நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு அமைப்பை எடை போடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த விகிதத்தைப் பிரபலமாக்கியவர்களில் அவர்களும் உண்டு. அவர்களே அப்படிச் சொன்னார்கள்.

ஹார்வர்டு தமிழ் இருக்கையை நினைத்துப் பாருங்கள். 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018-ல் இலக்கை எட்டியபோது உலகமே கொண்டாடியது. இருக்கை என்றால் என்ன? ஒரு பேராசிரியருக்கு என்றென்றைக்கும் சம்பளம் கொடுப்பதற்கான வைப்புநிதி. தமிழுக்கு ஒருவர் முழுநேரம் உழைக்க வேண்டுமென்றால் அவருக்குச் சம்பளம் வேண்டும் என்பது நமக்கு அங்கே சட்டென்று புரிந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதை நமக்கு முன்பே காட்டியிருக்கிறது. 1976-ல் ஓய்வுக்குப் பிறகு டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். 1980-களின் தொடக்கத்தில் கொல்கத்தா ஐ.ஐ.எம்.-ல் படித்த ஆர்.டி. துளசிராஜ் அங்கே நிர்வாகத்துக்கு வந்தார். டாக்டர்களும் செவிலியர்களும் நிர்வாகிகளும் முழுநேரச் சம்பள ஊழியர்கள். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை. அதை யாரும் தொண்டு இல்லை என்று சொன்னதில்லை.

இதில் பெண்கள் விஷயம் தனி. ஹெச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி இல்லாமல், தமிழ்ப் பள்ளியையும் சங்கத்தையும் தோளில் சுமந்த பெண்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஹெச்-4 மனைவியரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்ததே 2015-ல்தான். அதுவரை அவர்களுக்கு வேறு வழியில்லாததால் அந்த உழைப்பு நமக்கு இலவசமாகக் கிடைத்தது. நாம் அதைச் சமூகத்தின் பண்பாடு என்று நினைத்துக்கொண்டோம்.

தடுக்காதீங்க, கேள்வி கேளுங்க

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு வேலையோடு வந்தால் என்னைப் போல் முகத்தைத் தூக்காதீர்கள். உட்கார்ந்து இதையெல்லாம் கேளுங்கள்:

உன் சம்பளம் எந்த மானியத்திலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது? மானியம் நின்றால் எத்தனை மாதச் செலவுக்கு நிறுவனத்திடம் கையிருப்பு இருக்கிறது? ஒரே நேரத்தில் எத்தனை குடும்பங்களை உன்னிடம் தருவார்கள்? மனசு உடைந்துபோனால் பேச ஒரு மேற்பார்வையாளர் உண்டா? ஓய்வூதியத்துக்கு 403(பி) உண்டா? மூன்று வருஷம் கழித்து நீ என்னவாக இருப்பாய்?

முதல் இரண்டுக்குப் பாதிப் பதில் பொதுவெளியிலேயே இருக்கிறது. பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு 990 என்ற படிவம் கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரோபப்ளிகாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வரவு, செலவு, அரசு மானியம் எவ்வளவு, தலைமை நிர்வாகியின் சம்பளம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். மூன்று வருஷத்துப் படிவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்தோம். அவள் நிறுவனத்தின் வரவில் பாதிக்கு மேல் அரசு மானியம். அவளுக்கு அது தெரியும், தெரிந்துதான் சேர்ந்திருக்கிறாள். இப்போது ஆறு மாதச் செலவைச் சேர்த்த பிறகுதான் தனி வீடு என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர்ச் சங்கப் பொதுக்குழுவில் ஒரு யோசனை சொன்னேன். விழாவில் மிஞ்சும் பணத்தில் பகுதிநேரமாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். குடும்பச் சிக்கல், விசாச் சிக்கல், தனியாக இருக்கும் பெரியவர்கள் என்று உதவி கேட்டு வருகிறவர்களைச் சரியான இடத்துக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. "சங்கத்துக்குச் சம்பளமா? நாமெல்லாம் சும்மாதானே பண்றோம்" என்று ஒரு அண்ணன் எழுந்தார். பத்து மாதம் முன்னால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கை தூக்கியவர்கள் ஏழு பேர், என்னையும் சேர்த்து. தீர்மானம் தோற்றது.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, கை தூக்காத ஒருவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "உங்க பொண்ணு வேலை பார்க்கிற இடத்து நம்பர் கிடைக்குமாங்க? எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு."

நம்பர் கொடுத்தேன். அடுத்த பொதுக்குழுவில் அதே தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவரப் போகிறேன்.